சிமுலேஷனில் கோர் 47 டிகிரி, மெஷினில் 72: எங்கே தேடுவது?

கேள்வி: மார்ச் 3, இரவு 9.40

உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் செலுத்தி வார்க்கும் பாலிபுரோப்பிலீன் பெட்டி. நீளம் 180, அகலம் 120, உயரம் 90, சுவர்த் தடிமன் 2.2 மி.மீ. கோரில் (பெட்டியின் உட்புறத்தை உருவாக்கும் மோல்டுப் பகுதி) ஆறு 16 மி.மீ. துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பேஃபிள் (தண்ணீரை ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கும் தடுப்புத் தகடு). அவற்றை வரிசையாக இணைக்கும் நீர்வழி 10 மி.மீ. கேவிட்டியில் (வெளிப்புறத்தை உருவாக்கும் பகுதி) இரண்டு நேர் நீர்வழிகள். தண்ணீர் 20 டிகிரி, ஒரு பெட்டிக்கான சைக்கிள் 30 விநாடி. சிமுலேஷனில் கோர் மேற்பரப்பின் சராசரி 47 டிகிரி. மெஷின் நிலைப்பட்ட பிறகு தொடு வெப்பமானியை வைத்தால் 72. நீளச் சுவர்கள் நடுவில் 1.5 மி.மீ. உள்வாங்குகின்றன, சிமுலேஷன் சொன்னது 0.4. மெஷ்ஷை (மாடலைக் கணக்குக்காகச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) மூன்று தடவை பொடியாக்கிப் பார்த்துவிட்டேன், விடை ஒரு டிகிரிகூட நகரவில்லை. இன்னும் பொடியாக்க வேண்டுமா, மென்பொருளையே மாற்ற வேண்டுமா?

மார்ச் 3, இரவு 10.25

இரண்டும் வேண்டாம். மூன்று தடவை பொடியாக்கியும் விடை நகரவில்லை என்றால் மெஷ் தன் சாட்சியத்தைச் சொல்லி முடித்துவிட்டது.

இரண்டு எண்கள் வேண்டும். கோர் நீர்வழியில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது? உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? ஓட்டமானி இல்லையென்றால் திரும்பும் ஹோஸைக் கழற்றி அளவுள்ள வாளியில் விட்டு நேரம் பாருங்கள். ஹோஸின் வாயை, அது வழக்கமாக இணையும் உயரத்திலேயே பிடியுங்கள். இந்த இரண்டு எண்களும் வரும் வரை இங்கே யார் என்ன சொன்னாலும் ஜோசியம்தான்.

மார்ச் 4, காலை 7.15

வாளி வரும்வரை கணக்கு.

பெட்டியின் எடை சுமார் 150 கிராம் வரும். 30 விநாடிக்கு ஒன்று என்றால் விநாடிக்கு 5 கிராம். பாலிபுரோப்பிலீன் 230 டிகிரியிலிருந்து வெளியே தள்ளும் வெப்பநிலைக்கு இறங்கும்போது, படிகமாகும் வெப்பத்தையும் சேர்த்து, கிராமுக்கு ஏறக்குறைய 500 ஜூல் விடுகிறது. ஆக மோல்டுக்குள் 2,500 வாட் இறங்குகிறது. பாதி கோருக்கு என்று வைத்தால் 1,250 வாட். கேவிட்டியிடம் பாதிக்குமேல் போனாலும் கணக்கின் போக்கு மாறாது.

சிமுலேஷனில் கோரின் நுழைவாயிலுக்கு என்ன கொடுத்தீர்கள்? பெரும்பாலானவர்கள் ரெனால்ட்ஸ் எண் (தண்ணீர் சீராகப் போகிறதா, சுழன்று கலக்கிறதா என்பதைக் காட்டும் எண்) 10,000 என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 20 டிகிரி தண்ணீருக்கு ஒரு குறுக்குவழி: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை 21,200ஆல் பெருக்கி, துளையின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் ரெனால்ட்ஸ் எண். 10 மி.மீ. துளையில் 10,000 வேண்டுமென்றால் 4.7 லிட்டர். அந்த ஓட்டத்தில் 1,250 வாட் ஏறினால் தண்ணீர் 3.8 டிகிரி சூடாகும். உங்கள் அறிக்கையிலும் இதை ஒட்டிய எண் இருந்தால் மென்பொருள் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

அந்த 4.7 லிட்டரை அது எங்கிருந்தும் பெறவில்லை, நீங்கள் கொடுத்தீர்கள். பம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதுதான் இப்போது கேள்வி.

மார்ச் 4, காலை 7.40

ஒன்றைச் சேர்க்க வேண்டும். 47க்கும் 72க்கும் நேரடி ஒப்பீடு சரியில்லை. பல மென்பொருள்களின் கூலிங் கணக்கு முழு சைக்கிளின் சராசரி வெப்பநிலையைத் தருகிறது. மேற்பரப்போ உருகிய பிளாஸ்டிக் பட்டதும் ஏறி, பிறகு இறங்கி, மோல்டு திறந்திருக்கும்போது இன்னும் இறங்குகிறது. உங்கள் பொருளில் இந்த ஏற்றம் எட்டுப் பத்து டிகிரிக்குள் இருக்கும். வெப்பமானியை வைத்ததோ மோல்டு திறந்த பிறகு. அப்போது மேற்பரப்பு சராசரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். இந்த விளக்கம் 25 டிகிரியை விழுங்காது, வித்தியாசத்தை இன்னும் கூட்டத்தான் செய்யும்.

மார்ச் 4, பிற்பகல் 1.05

வெப்பக் கேமராவில் எடுத்த படத்தைப் போட்டு "கோர் 31 டிகிரிதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாலிஷ் செய்த எஃகு கண்ணாடி மாதிரி; கேமரா பார்த்தது எதிரே நின்ற உங்களைத்தான். தள்ளிவிழுந்த பெட்டியின் உட்புறத்தை உடனே படம் எடுங்கள். பிளாஸ்டிக்கின் உமிழ்திறன் (வெப்பக் கதிரை வெளிவிடும் திறன், உச்சம் 1) 0.9க்கு மேல் இருப்பதால் அந்த எண்ணை நம்பலாம், எந்த மூலை சூடு என்பதும் பளிச்சென்று தெரியும்.

மார்ச் 4, இரவு 8.30

வாளி பேசிவிட்டது. நிமிடத்துக்கு 1.6 லிட்டர், வெப்பநிலை வித்தியாசம் 9 டிகிரி.

1.6 லிட்டருக்கு 10 மி.மீ. துளையில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 3,400. அதைப் பார்த்து "பரவாயில்லை, சுழற்சி ஓட்டத்துக்கான 4,000 பக்கத்தில்தானே" என்று தேற்றிக்கொள்ள வேண்டாம். வெப்பம் உறிஞ்சப்படும் இடம் அந்த 10 மி.மீ. துளை இல்லை, பேஃபிள். 16 மி.மீ. துளையை 2 மி.மீ. தகடு இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பாதியின் பரப்பும் ஏறக்குறைய 85 சதுர மி.மீ.; நீரியல் விட்டம் (வட்டமில்லாத வழிக்கு ஈடான குழாய் விட்டம்) 8.7 மி.மீ. 4.7 லிட்டர் ஓடினாலே அங்கே ரெனால்ட்ஸ் எண் 8,000தான். 1.6 லிட்டரில் அது 2,700. வரிச்சீர் ஓட்டத்தின் (தண்ணீர் கலக்காமல் அடுக்கடுக்காகப் போவதன்) வாசற்படியில் நிற்கிறீர்கள்.

அந்தப் படியைத் தாண்டினால் என்ன ஆகும்? 10 மி.மீ. குழாயில் ரெனால்ட்ஸ் எண் 10,000 என்றால், உலோகத்திலிருந்து தண்ணீருக்கு ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 4,700 வாட் கடக்கிறது. முழு வரிச்சீர் ஓட்டத்தில் அது 260. பதினெட்டு மடங்கு குறைவு. அதே துளை, அதே எஃகு, அதே தண்ணீர்.

சிமுலேஷனில் கோர் நுழைவாயிலை ரெனால்ட்ஸ் எண்ணிலிருந்து ஓட்ட அளவுக்கு மாற்றி 1.6 லிட்டர் கொடுத்து ஓட்டுங்கள். மெஷ் பழையதே போதும்.

மார்ச் 5, காலை 6.50

கேட்டவர் ஓட்டிவிட்டார்: 69 டிகிரி. சுவர் வளைவு 1.3. பாவம் மென்பொருள், இரண்டு நாளாக வசவு வாங்கிக்கொண்டிருந்தது.

இனி ஏன் 1.6 என்பது. கோரும் கேவிட்டியும் ஒரே மேனிஃபோல்டில் (தண்ணீரைப் பல வழிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) மாட்டியிருக்கின்றன என்று எழுதியிருக்கிறார். கேவிட்டியின் நேர்த் துளைகளில் தடையே இல்லை. கோரில் ஆறு முறை மேலே ஏறி ஆறு முறை கீழே இறங்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்குச் சிமுலேஷன் தேவையில்லை. நீங்களோ ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் தனித்தனியாக 10,000 கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பம்பு வைத்திருக்கும் தொழிற்சாலையை மென்பொருள் கற்பனை செய்துகொண்டது.

அடுத்தது கப்ளிங். ஹோஸை மோல்டில் மாட்டும் விரைவு கப்ளிங்கின் உள்துளையை அளந்து பாருங்கள். 10 மி.மீ. நீர்வழியின் வாயில் 6 மி.மீ. துளையுள்ள கப்ளிங்கைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான். கப்ளிங், ஹோஸ், எல்போ எதுவும் உங்கள் மாடலில் இல்லை. மாடல் மோல்டின் ஓரத்தில் முடிந்துவிடுகிறது, அழுத்த இழப்பு அங்கே முடிவதில்லை.

மார்ச் 5, காலை 11.20

"அப்படியானால் 10 லிட்டர் அடித்துவிடலாமே" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. சுழற்சி ஓட்டம் நன்றாக நிலைத்த பிறகு ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் வெப்பக் கடத்தல் 1.7 மடங்கு ஆகும். அழுத்த இழப்பு மூன்று மடங்குக்கு மேல் போகும். அந்த 1.7 மடங்கும் தண்ணீருக்கும் உலோகத்துக்கும் நடுவில் உள்ள தடையைத்தான் குறைக்கும். துளைக்கும் மேற்பரப்புக்கும் இடையில் உள்ள எஃகு அப்படியே இருக்கும். பம்பு உறுமும், கோர் மூன்று நான்கு டிகிரி இறங்கும்.

கிளைகால் கலந்த தண்ணீர் ஓட்டுபவர்கள் பாகியலை (திரவம் ஓட எவ்வளவு தயங்குகிறது என்பதை) மறக்க வேண்டாம். 20 டிகிரியில் 30 சதவீதக் கலவையின் பாகியல் வெறும் தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரெனால்ட்ஸ் எண் பாதியாகிவிடும். எதிர்ப்பக்கம், 60 டிகிரி தண்ணீரில் பாகியல் பாதிக்கும் கீழே. சூடான மோல்டுகளில் ஓட்டம் எளிதாகச் சுழற்சிக்குப் போய்விடுவதன் காரணம் இதுதான்.

மார்ச் 5, இரவு 9.00

ரெனால்ட்ஸ் என்ற பெயரை இத்தனை முறை எழுதிய பிறகு அவருக்கும் ஒரு வரி. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் பேராசிரியர். 1883இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரின் நடுவே சாய நூல் ஒன்றை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது நூல் நூலாகவே இருந்தது. வேகம் ஒரு எல்லையைத் தாண்டியதும் உடைந்து குழாய் முழுவதும் நிறம் பரவியது. நம் கோருக்குள் சாயம் விட்டுப் பார்க்க வழியில்லை என்பதால் வாளி.

மார்ச் 7, காலை 8.10

கோரைத் தனி வழியாகப் பிரித்து, கப்ளிங்கையும் மாற்றியிருக்கிறார். ஓட்டம் 4.2 லிட்டர். சிமுலேஷனில் 4.2 கொடுத்தால் 49 டிகிரி. மெஷினில் 59. "மீண்டும் பத்து டிகிரி, இனியாவது மெஷ்?" என்கிறார்.

இல்லை ஐயா. தண்ணீர் வித்தியாசம் எவ்வளவு என்று எழுதவில்லையே.

மார்ச் 7, காலை 10.45

2.5 டிகிரி. இந்த எண் எனக்குப் பிடித்திருக்கிறது.

4.2 லிட்டரில் 1,250 வாட் ஏறினால் 4.3 டிகிரி வர வேண்டும். வந்தது 2.5. முன்பு தண்ணீர் குறைவாக ஓடி, அதிகம் சூடானது: அது பட்டினி. இப்போது தண்ணீர் தாராளமாக ஓடுகிறது, போதுமான அளவு சூடாகவில்லை, உலோகம் மட்டும் சூடாக இருக்கிறது. அதாவது தண்ணீரும் வெப்பமும் சந்திக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள். உலோகத்தின் வெப்பநிலையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

சந்திக்காமல் போக மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. துளைச் சுவரில் உப்புப் படிவு. கோர் இன்சர்ட்டுக்குள் (தனியாகச் செய்து மோல்டில் பொருத்தும் துண்டு) இன்னொரு இன்சர்ட் இருந்து நடுவில் காற்று இடைவெளி. அல்லது பேஃபிள் தகடு திரும்பியிருப்பது. புதிய மோல்டு என்பதால் முதலாவதை ஒதுக்கலாம். கோர் ஒரே கட்டை என்று சொன்னதால் இரண்டாவதும் போகிறது.

தகட்டைப் பாருங்கள். தகடு கீழே ஓடும் 10 மி.மீ. நீர்வழிக்குக் குறுக்கே நின்றால்தான் தண்ணீர் வேறு வழியின்றி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். தகட்டைத் தாங்கும் பிளக்கை முறுக்கும்போது தகடும் சேர்ந்து திரும்பி நீர்வழியின் திசையிலேயே நின்றுவிட்டால், தண்ணீர் அதன் இருபுறமும் வழுக்கிக்கொண்டு அடுத்த துளைக்குப் போய்விடும். மேலே 70 மி.மீ. ஆழத்தில் தேங்கிய தண்ணீர் சும்மா வெந்துகொண்டிருக்கும். ஓட்டமானி மகிழ்ச்சியாக 4.2 காட்டும். சிமுலேஷனில் தகடு எப்போதும் சரியாகக் குறுக்கே நிற்கிறது. அதைத் திருப்ப மென்பொருளில் கை இல்லை.

மார்ச் 7, மாலை 4.30

உப்புப் படிவை அவ்வளவு வேகமாகக் கடந்தது நியாயமில்லை. இதைப் படிப்பவர்களில் பலருடையது பழைய மோல்டாக இருக்கும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கோர் இன்சர்ட்டை ஒயர்கட்டில் (மின்பொறிக் கம்பியால் உலோகத்தை அறுக்கும் மெஷின்) நீளவாக்கில் அறுத்தோம். 8 மி.மீ. துளை. வாயருகே சுத்தமாகத்தான் இருந்தது. உள்ளே போகப் போகச் சுவரில் பழுப்பு நிறத் தோல், விரல் நகத்தால் சுரண்டினால் செதிலாகப் பெயர்ந்தது. மிகச் சூடான முனையில் அது ஒரு மி.மீ. தடிமனுக்கு வந்திருந்தது. வெந்நீர் படும் இடத்தில்தான் கால்சியம் கார்பனேட் அதிகம் படியும் என்பதால், குளிர்ச்சி எங்கே மிகவும் வேண்டுமோ அங்கே அது போர்வை போர்த்துகிறது. பி20 என்ற மோல்டு எஃகின் வெப்பக் கடத்துத்திறன் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு வாட் கணக்கில்) 30ஐ ஒட்டியது. இந்தப் படிவுடையது ஒன்று இரண்டு. ஒரு மி.மீ. தோல், நீர்வழியை மேற்பரப்பிலிருந்து 15 முதல் 30 மி.மீ. வரை தள்ளி வைத்ததற்குச் சமம். எந்த டிசைனரும் அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடமாட்டார், தண்ணீர் போட்டுவிடுகிறது.

சிமுலேஷனில் இதைக் காட்ட நேர்வழி இல்லாவிட்டால், துளையின் வெப்பக் கடத்தல் திறன் காரணியைக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் காரணியைத் தொடும்போது கவனம். மோல்ட்ஃப்ளோ மென்பொருளில் பேஃபிளைக் கோட்டு எலிமென்ட்டுகளாக (முப்பரிமாணம் இல்லாமல் வெறும் கோடுகளாக) வரைந்தால் ஏறும் பாதி ஒன்று, இறங்கும் பாதி ஒன்று; ஒவ்வொன்றுக்கும் காரணி 0.5. பப்ளரில் (உள்குழாய் வழியே தண்ணீரை ஏற்றி, அதைச் சுற்றி இறக்கும் அமைப்பில்) உள்குழாய்க்கு 0, வெளி வளையத்துக்கு 1. வேறு கோப்பிலிருந்து சாதாரண நீர்வழியாக இறக்குமதியானால் பேஃபிளின் இரண்டு பாதிக்கும் 1 என்று நின்றுவிடும். ஒரே துளைக்கு இரட்டைக் குளிர்ச்சி. திரையில் எல்லாம் நீலம்.

மார்ச் 8, காலை 9.15

வேறொருவர் கேட்கிறார்: அவருடைய பெட்டி சிமுலேஷனில் துளிகூட வளையவில்லை, நிஜத்தில் வாழை இலை.

கூலிங் கணக்கைச் சேர்த்து ஓட்டினீர்களா? நிரப்புதல், அழுத்தம், வளைவு என்று மட்டும் வரிசை கொடுத்தால், மோல்டு முழுவதும் ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. பெட்டி வளைவதே கோர் மூலையில் வெப்பம் குவிவதால்தான். மூலையின் வெளிப்பக்கம் கேவிட்டியில் எஃகு அகலமாக விரிகிறது. உள்பக்கம் இரண்டு சுவர்களின் வெப்பமும் கோரின் ஒரு கூர்விளிம்பில் இறங்குகிறது. உள்பக்கம் மெதுவாக ஆறி அதிகம் சுருங்குகிறது, கோணம் மூடுகிறது, சுவர் உள்ளே வளைகிறது. ஒரே வெப்பநிலை என்று வைத்துவிட்டால் நோயின் மூலத்தையே அழித்துவிட்டு நோய் இல்லை என்று சான்றிதழ் வாங்குகிறீர்கள்.

மார்ச் 8, பகல் 12.30

"முப்பரிமாண அச்சில் கோரைச் செய்து நீர்வழியை மூலையை ஒட்டியே வளைத்துக்கொண்டு போகலாம்" என்று எழுதியவருக்கு: போகலாம், அருமையான வேலை. அதைக் கோட்டு எலிமென்ட்டால் கணக்கிட வேண்டாம். வளைவுகளிலும் கிளைகளிலும் எங்கே தேங்குகிறது என்பதற்கு முப்பரிமாண மெஷ்ஷும் முழு ஓட்டக் கணக்கும் வேண்டும். வடிகட்டியும் வேண்டும். 4 மி.மீ. வளைந்த துளையில் துரு அடைத்தால் துளைப்பான் விட்டுச் சுத்தம் செய்ய முடியாது. ஆனால் இந்த இழையின் மோல்டில் நேர்த்துளைகளுக்கே இன்னும் தண்ணீர் ஒழுங்காகப் போகவில்லை.

மார்ச் 10, மாலை 6.05

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஆறில் இரண்டு தகடுகள் திரும்பியிருந்தன, ஒன்று ஏறக்குறைய முழுக்கால் சுற்று. இரண்டும் ஒரே ஓரத்தில். பெட்டி அதிகம் வளைந்த சுவரும் அதுதான்.

நேராக்கிய பிறகு ஓட்டம் 4.0 லிட்டருக்கு இறங்கியிருக்கிறது. அவர் அதைக் கண்டு கவலைப்படுகிறார். இறங்கித்தான் ஆக வேண்டும், தண்ணீர் இப்போது ஆறு துளையிலும் ஏறி இறங்குகிறது. தண்ணீர் வித்தியாசம் 4 டிகிரி. கோர் 51.

இனித் திரும்பாமலிருக்க: பிளக்கின் தலையில் தகட்டின் திசையைக் காட்டும் கோடு ஒன்றை வெட்டி, வரைபடத்திலும் குறித்துவிடுங்கள். மோல்டைப் பிரிக்காமலே ஸ்க்ரூ டிரைவரும் கண்ணும் போதும்.

மார்ச் 10, இரவு 10.10

சிமுலேஷனில் 4.0 லிட்டருக்கு 50 என்கிறார். எதிரே 51. இதற்குமேல் நெருங்கினால் எனக்குச் சந்தேகம் வரும். உண்மையில் ஏற்கெனவே கொஞ்சம் வருகிறது. கோர் எஃகு எச்13 என்று அவர் போட்ட முதல் படத்தின் ஓரத்தில் எழுதியிருந்தது. மாடலில் பி20ஆகவே விட்டிருந்தால் கடத்துத்திறன் சற்றுக் கூடுதலாக இருக்கும். எச்13 பெரும்பாலும் 25ஐ ஒட்டியது. மாற்றி ஓட்டினால் இரண்டு மூன்று டிகிரி ஏறும். அப்படி ஏறினால், 51ஐ அளந்த இடம் கோரின் சராசரி இடமா, பேஃபிளுக்கு நேர் மேலேயா என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 11, காலை 7.30

பேஃபிளுக்கு நேர் மேலே. மூலையில் வைத்தால் 63. எஃகை மாற்றி ஓட்டிய சிமுலேஷனில் அதே மூலை 61.

சுவர் வளைவு 0.6க்கு வந்துவிட்டது, அவருக்கு அனுமதி 0.5. மிச்சம் மூலையில்தான் இருக்கிறது. ஓட்டத்தைக் கூட்டி அதைத் தொட முடியாது. இரண்டு வழிகள். மூலைக்குப் பக்கத்தில் உள்ள, பெட்டியை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்னை 9 மி.மீ. நகர்த்தினால் 8 மி.மீ. துளைக்கு இடம் கிடைக்கும், சிறு பப்ளர் வைக்கலாம். அல்லது நான்கு மூலைகளிலும் பெரிலியம் செம்பு இன்சர்ட். கடத்துத்திறன் எச்13ஐப் போல நான்கு மடங்கு, ஆனால் அதன் அடிப்பக்கம் தண்ணீரை அடைய வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்தை வேகமாகக் கொண்டுபோய் எஃகின் வாசலில் நிறுத்திவிடும். இன்சர்ட்டின் பொருத்தத்தில் காற்று இடைவெளி விழுந்தால் அந்த நான்கு மடங்கும் போச்சு.

பின்னை நகர்த்துவதைத்தான் முதலில் ஓட்டிப் பாருங்கள். நுழைவாயிலில் ரெனால்ட்ஸ் எண் வேண்டாம், 4.0 லிட்டர்.